அட்டைக்கு மூணு மார்க், பொருளுக்கு ரெண்டு மார்க்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை பிடிச்சுக் கிடந்தது. இன்னிக்கு ஒரு கடுப்பு, அதான் தட்டி எடுத்துட்டு வந்திருக்கேன். பதிவு கொஞ்சம் நீளம். டீ குடிச்சிட்டு வந்து உக்காருங்க.

ஒரு கலைக் கல்லூரியில தமிழ் சொல்லிக் கொடுக்கிற நண்பர் நேத்து வாட்ஸப்புல ஒரு தாளைப் படம் பிடிச்சு அனுப்பியிருந்தார். முதலாமாண்டு பொதுத்தமிழ்ல கட்டுரைப் பயிற்சிக்கு அவங்க துறை போட்டிருக்கிற விதிமுறை. "எப்படி இருக்கு?"ன்னு கேட்டிருந்தார். பெருமையா கேட்டாரா, நொந்து போய்க் கேட்டாரான்னு இன்னும் பிடிபடல. கல்லூரி பேர் வேண்டாம். ஊர்ப்பக்கம் பல கல்லூரிகள்ல இதுக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு தாள் அறிவிப்புப் பலகையில தொங்கிட்டுத்தான் இருக்கும்.

சாரம் இது:

1. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் குறைந்தால் கட்டுரை ஏற்கப்படமாட்டாது.
2. ஏ4 தாளில், ஒரு பக்கம் மட்டும், கையால் எழுத வேண்டும். தட்டச்சு செய்தவை ஏற்கப்படமாட்டா.
3. நான்கு புறமும் கோடு போட்டு, அட்டை போட்டு, நூல் கட்டித் தர வேண்டும்.
4. குறைந்தது 8 பக்கம்.
5. எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் குறைக்கப்படும்.
6. பேச்சு வழக்குச் சொற்கள் இடம்பெறக் கூடாது.
7. ஒப்படைத்த கட்டுரைகள் திருப்பித் தரப்படமாட்டா.

இதுக்குக் கீழ 10 மதிப்பெண்ணுக்குப் பங்கீடு. அட்டை, கோடு, கையெழுத்து 3. பக்க அளவு 3. குறித்த நாளில் ஒப்படைத்தல் 2. பொருள் 2.

மறுபடியும் படிச்சுப் பாருங்க. அட்டைக்கும் கோட்டுக்கும் மூணு. உள்ள என்ன எழுதியிருக்குங்கிறதுக்கு ரெண்டு. ஒரு பய உள்ளே வெறும் குப்பையை நிரப்பி, மேல பளபளன்னு அட்டை போட்டு, சொன்ன தேதியில கொண்டுபோய் நீட்டினா பத்துக்கு எட்டு வாங்கலாம். இது எழுத்துப் பயிற்சியா, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற வேலையா?

அஞ்சாவது விதிக்கு வருவோம். பிழைக்கு அரை மார்க். கேக்கும்போது நியாயமாத்தான் தெரியும். சின்னக் கணக்கு ஒண்ணு போடுங்க. பயந்து பயந்து பத்து வரி எழுதினவனுக்கு ரெண்டு பிழை. ஒரு மார்க் போச்சு. மனசுல இருக்கிறதையெல்லாம் கொட்டி நூறு வரி எழுதினவளுக்கு இருபது பிழை. பத்து மார்க்கும் போச்சு, முட்டை. ரெண்டு பேரும் பத்து வரிக்கு ரெண்டு பிழைதான் விட்டிருக்காங்க! ஆக, இந்த விதி சொல்லித்தர்ற ஒரே பாடம், 'கம்மியா எழுது, தெரிஞ்ச வார்த்தையை மட்டும் எழுது'ங்கிறதுதான். ஆனா நாலாவது விதி எட்டுப் பக்கம் எழுதச் சொல்லுது. அப்ப பிள்ளைங்க என்ன செய்யும்? பிழையில்லாம அச்சடிச்சு வச்சிருக்கிற கைடைப் பார்த்து எட்டுப் பக்கத்துக்கு இறக்கும். வேற வழி?

ரெண்டாவது விதி எதுக்குன்னு நண்பர்கிட்ட கேட்டேன். சாட்ஜிபிடியைத் தடுக்கவாம்! 2022 கடைசியில அது வந்ததுல இருந்து பசங்க யாரும் சொந்தமா எழுதறதில்லையாம், அதனால கையால எழுதச் சொல்லியிருக்காங்களாம். ஏங்க, செல்போனை டெஸ்க்குல சாய்ச்சு வச்சு, அதுல வர்றதைப் பார்த்துக் கையால எழுத எவ்வளவு நேரம் ஆகும்? முன்னாடி கைடைப் பார்த்து எழுதினாங்க, இப்ப போனைப் பார்த்து எழுதறாங்க. கை வலிக்கிறது அப்படியேதான் இருக்கு.

சரி, ஊரைத் திட்டினது போதும். என் யோக்கியதையைச் சொல்றேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் இப்ப சிவகாசியில ஒரு அச்சகத்துல மெய்ப்பு பார்க்கிறவன். அதுக்கு முன்னாடி, 2011-ல இருந்து மூணு வருசம், கோவில்பட்டி பக்கம் ஒரு கல்லூரியில தமிழுக்குக் கௌரவ விரிவுரையாளரா இருந்தேன். 'கௌரவம்' பேருல மட்டும். வருசத்துல பதினோரு மாசம்தான் சம்பளம், மே மாசம் காத்து குடிச்சுக்கணும். அதை விடுங்க.

பல்கலைக்கழகத் தேர்வுத் தாள் திருத்தப் போவேன். நான் போன இடத்துல ஒரு வேளைக்கு முப்பது தாள், மூணு மணி நேரம். ஒரு தாளுக்கு ஆறு நிமிசம். 75 மதிப்பெண் தாள்ல ரெண்டு மார்க் கேள்வி பத்து, அஞ்சு மார்க் அஞ்சு, பத்து மார்க் மூணு, ஆக பதினெட்டு விடை. வகுத்துப் பார்த்தா ஒரு விடைக்கு இருபது நொடி. இருபது நொடியில நாலு பக்கக் கட்டுரையை எவன் படிப்பான்? பக்கத்தை எண்ணுவேன். உள்தலைப்பு இருக்கா, கலர் பேனாவுல அடிக்கோடு இருக்கான்னு பார்ப்பேன். முதல் வரி, கடைசி வரி. மார்க். அடுத்த தாள். நடுவுல சினிமாக் கதை எழுதி மார்க் வாங்கினதா பசங்க சொல்ற கதையெல்லாம் கட்டுக்கதைன்னு நினைக்காதீங்க. அந்த மார்க்கைப் போட்ட கை இதுவாகூட இருக்கலாம்.

அதுகூடப் பரவாயில்ல, அவசரம், கூலி வேலைன்னு சமாதானம் சொல்லிக்கலாம். எனக்கு இன்னிக்கு வரைக்கும் உறுத்துறது வேற ஒண்ணு.

முதலாமாண்டு வகுப்புக்கு 'என் ஊர்'னு ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வந்தது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. பச்சைப் பசேல் வயல், சலசலக்கும் ஓடை, வெள்ளந்தி மனிதர்கள். எல்லாம் கரிசக்காட்டுப் பிள்ளைங்க. ஊர் ஓடையில தண்ணி ஓடுறதைக் கண்ணால பார்த்தே வருசக்கணக்காகியிருக்கும். நான் சளைக்காம 7, 8-ன்னு போட்டுத் தள்ளினேன்.

ஒரு பொண்ணு மட்டும் ஓடையெல்லாம் எழுதல. அவங்கம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போறதை எழுதியிருந்தா. விடியக்காலைல வேன் வர்றது, சட்டத்துல குச்சி அடுக்குறது, சாயங்காலம் வந்தா கையில இருக்கிற மருந்து வாடை. நடுவுல ஒரு வரி. 'எங்கம்மா தூங்கும்போது கூட விரலு குச்சி எண்ணிக்கிட்டே இருக்கும்.' அந்த ஒரு வரிக்காகவே அந்தத் தாளை வகுப்புல வாசிச்சுக் காட்டியிருக்கணும். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? 'எங்கம்மா'வைச் சுழிச்சேன். 'விரலு'வைச் சுழிச்சேன். 'எண்ணிக்கிட்டே'யைச் சுழிச்சேன். ஓரத்துல சிவப்பு மையில 'பேச்சு வழக்கு தவிர்க்க'ன்னு எழுதி, பத்துக்கு நாலு போட்டேன். முன்னுரை இல்லைன்னு வேற ஒரு குறிப்பு.

அடுத்த மாசம் 'கிராமத்து விடியல்'னு இன்னொரு கட்டுரை. இந்தத் தடவை அவ தாள்லயும் ஓடை சலசலத்துச்சு. வெள்ளந்தி மனிதர்கள் வந்துட்டாங்க. முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் சரியா இருந்தது. ஒரு பிழை கிடையாது. 8 போட்டு 'நல்ல முன்னேற்றம்'னு எழுதினேன்.

ஆமாங்க, நான்தான் எழுதினேன்.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்ல. 1961-ல அமெரிக்காவுல பால் டீடரிக்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிகளும் ஒரு சோதனை செஞ்சாங்க. கல்லூரி முதலாமாண்டு மாணவர்களோட 300 கட்டுரைகள். படிச்சவங்க 53 பேர். ஆங்கில ஆசிரியர், அறிவியல் ஆசிரியர், பத்திரிகை ஆசிரியர், வக்கீல், வியாபாரின்னு பல துறை ஆளுங்க. எப்படி மதிப்பிடணும்னு எதுவும் சொல்லல. 'உங்க மனசுக்குப் பட்டபடி ஒன்பது தரமாப் பிரிங்க'ன்னு மட்டும் சொன்னாங்க. என்ன ஆச்சு? 94 சதவீதக் கட்டுரைகள் ஏழோ எட்டோ ஒன்பதோ வெவ்வேறு தரம் வாங்குச்சு. ஒரே கட்டுரை ஒருத்தருக்கு முதல் தரம், இன்னொருத்தருக்குக் கடைசித் தரம். அஞ்சு தரத்துக்குக் குறைவா வாங்கின கட்டுரை ஒண்ணுகூட இல்ல.

ஏன்னு ஆராய்ஞ்சப்ப, படிச்சவங்க ஒவ்வொருத்தரும் வேற வேற விசயத்தைத் தேடியிருக்காங்கன்னு தெரிஞ்சது. ஒரு கூட்டம் கருத்தைப் பார்த்திருக்கு. ஒரு கூட்டம் பிழையை. ஒரு கூட்டம் ஒழுங்கை, இன்னொண்ணு சொல்லாட்சியை, மத்தது எழுதறவரோட தனி வாசனையை. அஞ்சும் எழுத்துல இருக்க வேண்டியதுதான். ஆனா வாத்தியார் மனசுல எது ஓடுதுன்னு பையனுக்கு எப்படித் தெரியும்? அதனாலதான் எதுக்கு எவ்வளவு மார்க்னு முன்கூட்டியே சொல்லணும்கிறது. அந்த வகையில நண்பரோட துறை ஒரு நல்ல காரியம் செஞ்சிருக்கு. சொல்லிட்டாங்க. சொன்னதுல எழுத்து இல்ல, அதுதான் பிரச்சினை.

இப்ப ஏழாவது விதி. ரத்தம் கொதிச்சது இதைப் பார்த்துத்தான். 'ஒப்படைத்த கட்டுரைகள் திருப்பித் தரப்படமாட்டா.' எங்க போகும்? எனக்குத் தெரியும். துறை பீரோவுக்குப் போகும். ஆய்வுக் குழு வந்தா காட்டுறதுக்காக, மஞ்சக் கயிறு கட்டி, கரையான் அரிக்கிற வரைக்கும் அங்கேயே இருக்கும். பொதுத்தேர்வு எழுதினவங்க திருத்தின விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டுப் பார்க்கலாம்னு 2011 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கு. வகுப்புல, தினம் முகம் பார்க்கிற ஆசிரியர்கிட்ட கொடுத்த கட்டுரை திரும்பி வராதாம்!

திரும்பி வராத தாள்ல இருந்து ஒருத்தர் என்னத்தைக் கத்துக்குவார்? சமையல் கத்துக்கிற பிள்ளை குழம்பு வச்சு வாசல்ல நீட்டிட்டுப் போயிடணும். உப்பு கூடவா, புளி கம்மியான்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மாசம் கழிச்சு 'பத்துக்கு நாலு'ன்னு சீட்டு மட்டும் வரும்.

நம்ம கதையையே எடுத்துக்கங்க. நம்மல்ல எத்தனை பேர் கல்லூரியில எழுதக் கத்துக்கிட்டோம்? எழுதிப் போட்டோம். நாலு பேர் வந்து 'இந்தப் பத்தி புரியல', 'முடிவு சப்புன்னு இருக்கு', 'அந்தப் பாட்டி வர்ற இடம் சூப்பர்'னு சொன்னாங்க. ஒருத்தர் வந்து ஒற்றுப்பிழையைத் தேடித் தேடிக் குட்டினார் (அவர் எல்லாப் பதிவுலயும் இருப்பார்!). அடுத்த தடவை கொஞ்சம் பார்த்து எழுதினோம். இவ்வளவுதான் ரகசியம். எழுதினதை ஒருத்தர் படிச்சு, படிச்சது நமக்குத் தெரியணும். அட்டையும் கோடும் இல்லாமலே இது நடந்தது.

எதிர்க்கேள்விகள் வரும், தெரியும். ஒண்ணொண்ணா வர்றேன்.

'பிழையோட எழுதினா வேலைக்குப் போற இடத்துல யார் மதிப்பாங்க?' சரியான கேள்வி. பிழை பார்க்கிறதுதான் எனக்குச் சோறு போடுது, அதனால பிழை முக்கியமில்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்க அச்சகத்துல மெய்ப்பு எப்ப வரும்? எழுத்தாளர் எழுதி, அடிச்சு, திருத்தி, மறுபடி எழுதி, கோத்து முடிச்ச பிறகு. எழுதும்போதே பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு ஒற்றுக்கும் கையைத் தட்டினா எந்த எழுத்தாளரும் முதல் பக்கத்தைத் தாண்ட மாட்டார். பிழையைப் பாருங்க, ரெண்டாவது படியில பாருங்க.

'பேச்சு வழக்கை விட்டா தமிழ் கெட்டுடும்.' எழுத்து நடை அவசியம் சொல்லித்தரணும். விண்ணப்பம் எழுத, அறிக்கை எழுத அது வேணும். ஆனா அந்தப் பொண்ணு எழுதினது விண்ணப்பம் இல்ல, அவங்கம்மாவைப் பத்தி. எங்க எது பொருந்தும்னு சொல்லிக் கொடுக்கிறதுதானே வாத்தியார் வேலை? மொத்தமா தடைன்னு எழுதி ஒட்டுறதுக்கு வாட்ச்மேன் போதுமே.

'ஒரு ஆளுக்கு நாலு வகுப்பு, வகுப்புக்கு அறுபது பேர். 240 தாளை யார் படிக்கிறது?' இதுதான் உண்மையான கேள்வி. இதுக்கு முன்னாடி நான் தலைகுனிஞ்சு நிக்கிறேன், ஏன்னா நானும் அந்த நாற்காலியில இருந்தவன். தாளுக்குப் பத்து நிமிசம்னா 2,400 நிமிசம், 40 மணி நேரம். கௌரவ விரிவுரையாளர் சம்பளத்துல அதைக் கேட்கிறது அநியாயம்.

அதனால கட்டுரையைக் குறைங்க. ஒரு பருவத்துக்கு ரெண்டு அசைன்மெண்ட், ஆளுக்கு எட்டுப் பக்கம் எதுக்கு? ஒண்ணு போதும், ரெண்டு பக்கம் போதும். ஆனா ரெண்டு தடவை எழுதட்டும். முதல் படியை வகுப்புலயே பக்கத்துல இருக்கிறவர் படிச்சு, பிடிச்ச வரி எது, புரியாத இடம் எதுன்னு ரெண்டே ரெண்டு விசயம் எழுதிக் கொடுக்கட்டும். ரெண்டாவது படியை ஆசிரியர் படிக்கட்டும். ரெண்டு பக்கத்துக்கு அஞ்சு நிமிசம், 240 தாளுக்கு 20 மணி நேரம். ஒரு மாசத்துக்குப் பிரிச்சா வாரம் அஞ்சு மணி நேரம். கஷ்டம்தான், ஆனா முடியும். எட்டுப் பக்க நோட்டுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டு, பட்டியல் போட்டு, கயிறு கட்டி பீரோவுல ஏத்துறதுக்கும் நேரம் ஆகத்தானே செய்யுது?

'அப்ப சாட்ஜிபிடி?' முதல் படி வகுப்புல எழுதறது, நண்பன் கேட்ட கேள்வி, அதுக்கு அப்புறம் மாறின ரெண்டாவது படி. மூணையும் சேர்த்துப் பார்த்தா ஆள் தெரிஞ்சுடும். சந்தேகம்னா ரெண்டு நிமிசம் கூப்பிட்டு வச்சு எழுதினதைப் பத்திப் பேசச் சொல்லுங்க. தான் எழுதினவனுக்குப் பேச நிறைய இருக்கும்.

கடைசியா, நான் மறுபடி அந்த வகுப்புக்குப் போனா (யாரும் கூப்பிடப் போறதில்ல!) பலகையில ஒட்டுற தாள் இது:

1. கட்டுரை ரெண்டு பக்கம். எந்தப் பேனா, எந்தத் தாள்னாலும் சரி. அட்டை வேண்டாம், காசு மிச்சம்.
2. பத்து மார்க்ல, சொல்ல ஒரு விசயம் இருக்கான்னு பார்க்க 4. படிக்கிறவருக்குப் புரியுற வரிசையில இருக்கான்னு பார்க்க 2. முதல் படிக்கும் ரெண்டாவது படிக்கும் நடுவுல முன்னேற்றம் 2. பிழை திருத்தம் 2, அதுவும் ரெண்டாவது படியில மட்டும்.
3. வேலைக்குப் போற பிள்ளை, உடம்பு சரியில்லாத பிள்ளை ஒரு வார்த்தை முன்னாடி சொன்னா தேதி தள்ளும். வகுப்புக்கு வர்றதுக்கு மார்க் கிடையாது, ஆனா முதல் படி வகுப்புலதான் எழுதணும்.
4. பேச்சு நடை எங்க வேணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. ஏன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியணும்.
5. ரெண்டு வாரத்துல தாள் உங்க கைக்குத் திரும்பி வரும், நான் எழுதின ரெண்டு வரியோட. வரலைன்னா தப்பு என்னோடது, வந்து கேளுங்க.

போன வருசம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல அந்தப் பொண்ணைப் பார்த்தேன். அதுதான் அடையாளம் கண்டு 'ஐயா'ன்னு கூப்பிட்டது. ஒரு ஜவுளிக்கடையில பில் போடுதாம், ஒரு குழந்தை இருக்கு. அம்மா இப்ப தீப்பெட்டி ஆபீசுக்குப் போறதில்லையாம். பேச்சுவாக்குல கேட்டேன், "ஏம்மா, இப்ப ஏதாச்சும் எழுதுறியா?"

சிரிச்சுது. "எனக்கு எழுத வராதுங்கய்யா. நீங்கதானே அன்னிக்கே தாள்ல எழுதியிருந்தீங்க."

அந்த ரெண்டாவது கட்டுரையில 'நல்ல முன்னேற்றம்'னு எழுதினது அதுக்கு ஞாபகமே இல்ல. பஸ் வந்துருச்சு, ஏறிப் போயிருச்சு.

வாத்தியார் வேலை பார்க்கிற பதிவர்கள் நம்மல்ல நிறைய பேர் இருக்கீங்க. உங்க வகுப்பு விதியைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. அதுல எழுத்துக்கு எத்தனை மார்க் இருக்கு, தாள் திரும்பிப் போகுதான்னு மட்டும் பாருங்க. நல்ல விதி வச்சிருக்கிறவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, நண்பருக்கு அனுப்பி வைக்கிறேன். திட்டணும்னாலும் திட்டலாம், எனக்கு அதுவும் தேவைதான்.

பி.கு: இந்தப் பதிவுல ஒற்றுப்பிழை எண்ணப் போற அன்பருக்கு: பிழைக்கு அரை மார்க்னா நான் மைனஸ்ல போயிடுவேன். ரெண்டாவது படியில திருத்திக்கிறேன் சாமி :-)